பதுவாவில் ஒன்றரை நாள்: ஜொத்தோ, அந்தோணியார் பசிலிக்கா, நடுவே என்ன நுழையும்?

#1 நெல்லைத்தென்றல்

ஜூன் இரண்டாவது வாரம் வெனிஸிலிருந்து மிலான் போகிற வழியில் பதுவாவில் ஓர் இரவு தங்குகிறோம். கூட அம்மா, 68 வயது. மெதுவாக நடப்பார், நின்றுகொண்டே இருப்பதுதான் சிரமம். அவருக்கு அந்தோணியார் பசிலிக்கா. எனக்கு ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயத்தில் இத்தாலிய ஓவியர் ஜொத்தோவின் சுவரோவியங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு வேறு எதெல்லாம் பார்க்க முடியும்? எதற்கு முன்பதிவு, எதற்கு நேரில் டிக்கெட்? அந்தோணியார் திருநாளுக்கு முந்தைய பதின்மூன்று நாளும் அம்மா சைவம், அதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

#2 பழையசுவர்

முதலில் சிற்றாலயத்தின் நேரத்தைப் பிடியுங்கள். மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றித்தான் அடுக்க வேண்டும். அங்கே மட்டும்தான் "கொஞ்சம் தாமதமாகிவிட்டது" என்ற பேச்சு எடுபடாது.

ஒரு தடவைக்கு 25 பேர்தான். முதலில் கண்ணாடி அறையில் கால்மணி நேரம் உட்கார வைப்பார்கள், ஒரு காணொளி ஓடும். அது பொழுதுபோக்குக்காக அல்ல. நம் உடம்போடும் துணியோடும் வருகிற ஈரம், தூசி, வண்டிப்புகை எல்லாம் அங்கே வடிகட்டப்படுகின்றன. சுவரில் இருப்பது சுண்ணாம்பு. காற்றிலுள்ள கந்தக வாயுவும் ஈரமும் சேர்ந்தால் சுண்ணாம்பின் மேற்பரப்பு ஜிப்சமாக மாறும், மாறும்போது உப்பும், பிறகு வண்ணத்தோடு உதிரும். 2000-இல் இந்த அறையைக் கட்டியதும் 2002-இல் பெரிய சீரமைப்பு முடிந்ததும் இந்த நோய்க்கான சிகிச்சைதான். அறையின் ஒரு கதவு மூடிய பிறகே மறு கதவு திறக்கும், எனவே தாமதமாக வருகிறவரை நடுவில் உள்ளே விட வழியே இல்லை. பணமும் திரும்பாது.

பிறகு சிற்றாலயத்துக்குள் கால்மணி நேரம். சில பருவங்களில் இரவில் இரட்டை நேரம் விற்பார்கள். கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

பதிவு செய்யும்போது கவனிக்க:

- அதிகாரபூர்வ தளத்திலேயே வாங்குங்கள். இடைத்தரகர் தளங்கள் தேடலில் முதலில் வரும், அதே சீட்டை ஏறக்குறைய இரட்டை விலைக்கு விற்கும். அசல் விலை பதினைந்து யூரோவைச் சுற்றி, பதிவுக் கட்டணம் தனி.
- நேரில் வாங்கலாம் என்று நம்பி வராதீர்கள். அன்றைய இடம் மிச்சமிருந்தால் கொடுப்பார்கள், ஜூனில் மிச்சம் இருப்பது அபூர்வம்.
- பதிவுச்சீட்டோடு அரைமணி நேரம் முன்பே எரெமித்தானி அருங்காட்சியகத்தின் கவுன்டருக்குப் போய்விடுங்கள். பையை அங்கேயே பாதுகாப்பறையில் விட வேண்டும். தோளில் மாட்டும் சிறு பையைக்கூடக் கேட்பார்கள். பெட்டியை விடுதியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.
- கண்ணாடி அறை வாசலுக்கு ஐந்து நிமிடம் முன்னதாக. கவுன்டரிலிருந்து அங்கே தோட்டம் வழியாக நடக்க வேண்டும்.

எப்போதும் நடக்கிற குழப்பம் ஒன்று: ரயில் நிலையத்திலிருந்து நடந்து வந்தால் இடப்பக்கம் அரேனா பூங்கா, அதற்குள் சிற்றாலயம் கண்ணுக்கு முன்னாலேயே தெரியும். பலர் பூங்கா வழியே உள்ளே போய்க் கம்பிவேலியில் முட்டி நிற்பார்கள். நுழைவாயில் அது இல்லை. பூங்காவைத் தாண்டி எரெமித்தானி சதுக்கத்துக்குப் போய் அருங்காட்சியகம் வழியாகத்தான் உள்ளே போக முடியும்.

#3 ரயில்பித்தன்

வெனிஸ் சாந்தா லூசியாவிலிருந்து பதுவாவுக்கு "ரெஜொனாலே வெலோச்சே" என்ற வட்டார வண்டி ஏறுங்கள். அரைமணிக்குள் கொண்டுவந்து சேர்க்கும், கட்டணம் ஐந்து யூரோ அளவில். அதிவேக வண்டிக்கு அதைவிடப் பல மடங்கு கொடுத்தால் மிச்சமாவது இரண்டு மூன்று நிமிடம். வெறும் "ரெஜொனாலே" எல்லா ஊரிலும் நிற்கும், அதைத் தவிர்க்கலாம். பலகையில் ஊர்ப் பெயர் "பாதோவா" என்றிருக்கும்.

வட்டார வண்டிக்கு விலை ஏறாது, இறங்காது. முன்கூட்டி வாங்கி எந்த லாபமும் இல்லை. ஆனால்:

காகிதச் சீட்டு என்றால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள சிறு எந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாவிட்டால் சீட்டு இருந்தும் அபராதம் உண்டு. கைப்பேசிச் சீட்டு என்றால் முத்திரைக்குப் பதில் செக்-இன் என்று ஒரு பொத்தான். அதை அழுத்தாதவர்களும் அதே கதிதான். சுற்றுலாப் பயணிகள் அதிகம் மாட்டுவது இங்கேதான். "தெரியாது" என்றால் பரிசோதகர் தலையை மட்டும் ஆட்டுவார்.

மிலானுக்கு நேர்மாறு. அதிவேக வண்டி சுமார் இரண்டு மணி நேரம், சீக்கிரம் வாங்கினால் மலிவு, அன்றே வாங்கினால் கண்ணைக் கட்டும். இரண்டு நிறுவனங்களின் வண்டிகளும் ஓடுகின்றன, விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். இவற்றில் இருக்கை எண் உண்டு, முத்திரை தேவையில்லை.

ஊருக்குள் உங்களுக்கு வேண்டிய டிராம் தடம் ஒன்று: ரப்பர் சக்கரம், நடுவே ஒற்றைத் தண்டவாளம். ரயில் நிலையம், எரெமித்தானி, போன்தி ரொமானி, தீத்தோ லீவியோ, சாந்தோ, பிராத்தோ என்று உங்களுக்குத் தேவையான எல்லா இடத்தையும் ஒரே கோட்டில் தொட்டுப் போகிறது. அம்மாவுக்கு இது பெரிய வசதி. "சாந்தோ" நிறுத்தம்தான் அந்தோணியார் கோயில். சீட்டு புகையிலைக் கடையில் கிடைக்கும் (வெள்ளை "டி" எழுத்துப் பலகை), ஏறியதும் வண்டிக்குள் பதிய வேண்டும்.

நிலையத்திலிருந்து சிற்றாலயம் நடந்தே பத்து நிமிடம்.

#4 வேலணைக்காரி

அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறபடியால் கோவில் விஷயத்தை நான் சொல்லுறன்.

திருநாள் ஜூன் 13. அதுக்கு முந்தின பதின்மூண்டு நாளும் பசிலிக்காவிலை விசேஷ வழிபாடு நடக்கும். 13ஆம் திகதி விடிய வெள்ளெனவே பூசைகள் தொடங்கி, பின்னேரம் சுருபமும் திருப்பண்டமும் (புனிதரின்ரை உடலிலை மிஞ்சின பாகம்) ஊருக்குள்ளாலை சுற்றி வரும். அண்டைக்கு வந்தால் பக்திக்கு நல்லது, ஆனால் கல்லறையடியிலை வரிசை நீண்டுபோகும். அம்மாவுக்கு நிக்க ஏலாதெண்டால் 11ஆம் திகதிக்கு முதல் வாறது சுகம். செவ்வாய்க்கிழமையும் சனம் கூடத்தான். அந்தோனியாரை அடக்கம் செய்தது செவ்வாயிலை (1231 ஜூன் 17), அதாலைதான் எங்கட ஊர்களிலையும் செவ்வாய் நவநாள்.

கோவிலுக்குள்ளை பார்க்கிற ஒழுங்கு:

1. பெரிய வாசலாலை உள்ளிட்டு நேரே போய் இடப்பக்கக் கையிலை திரும்பினால் கல்லறைச் சிற்றாலயம். சுவரிலை ஒன்பது சலவைக்கல் புடைப்புச் சிற்பம், அனேகமாய் எல்லாம் அந்தோனியாற்றை புதுமைகள் (அற்புதங்கள்). பீடத்துக்குப் பின்பக்கம் சுற்றிப் போனால் கல்லறைக் கல்லிலை கைவைச்சு மன்றாடலாம். ஆரும் தள்ளமாட்டினம், ஆனால் பின்னாலை ஆக்கள் நிக்கினமெண்டு நினைச்சுக் கொள்ளுங்கோ.

2. பிறகு நடுப்பீடத்துக்குப் பின்னாலை அரைவட்டமாய்ச் சுற்றுற வழி. அதின்ரை நடுவிலை திருப்பண்டச் சிற்றாலயம். நாக்கு இருக்கிறது அங்கைதான். 1263இலை கல்லறையைத் திறக்கேக்கை அழியாமல் இருந்ததைக் கண்டு தனியாய் எடுத்து வைச்சது. தாடை வேறை ஒரு பேழையிலை. படியேறிச் சுற்றி வர வேணும், படி கொஞ்சந்தான்.

3. வெளியாலை வாற வழியிலை உள்முற்றங்கள். பெரிய மக்னோலியா மரம் நிக்கிற முற்றத்திலை நிழல் இருக்குது, அம்மா இருந்து ஆறலாம்.

நுழைவு இலவசம். உள்ளுக்குப் படம் எடுக்க விடமாட்டினம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேணும், ஜூன் வெக்கையிலை கையில்லாச் சட்டையோடை வந்து வாசலிலை நிக்கிற சனத்தை நாள்தோறும் பாக்கலாம். ஒரு சால்வை பையிலை கிடக்கட்டும்.

கைப்பையை முன்னாலை போடுங்கோ. சனம் நெருக்குற இடத்திலை பக்திமான்கள் மட்டும் நிக்கிறேல்லை.

இன்னொண்டு: அந்தோனியார் செத்தது பசிலிக்காவிலை இல்லை. ரயில் நிலையத்துக்கு அங்காலை ஆர்செல்லா எண்ட இடத்திலை. அங்கை ஒரு கோவிலுக்குள்ளை அவர் கடைசியாய்க் கிடந்த அறையைக் காப்பாற்றி வைச்சிருக்கினம். சுற்றுலாக்காரர் அங்கை போறது குறைவு. அமைதியாய்ச் செபமாலை சொல்ல வேணுமெண்டால் பசிலிக்காவை விட அதுதான் நல்லது.

#5 நெல்லைத்தென்றல்

மிக்க நன்றி, அக்கா. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

பழையசுவர் சார், கால்மணி நேரம்தான் என்றால் எதைப் பார்ப்பது, எதை விடுவது? படங்களின் எண்ணிக்கையைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.

#6 பழையசுவர்

சுவரை வாசிக்கும் வரிசையை வெளியிலேயே மனத்தில் ஏற்றிக்கொண்டு போனால் கால்மணி போதும். ஏற்றாமல் போனால் ஒரு மணி நேரம் கொடுத்தாலும் நீலக் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிடுவோம்.

இடம் சிறியது. ஏறக்குறைய 21 மீட்டர் நீளம், எட்டரை மீட்டர் அகலம். பீடத்தைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் ஆறு சன்னல் உள்ள தெற்குச் சுவர். இடக்கைப் பக்கம் சன்னலே இல்லாத வடக்குச் சுவர். கதை திருகுசுழலாக மேலிருந்து கீழே இறங்குகிறது. தெற்குச் சுவரின் உச்சி வரிசையில், பீடத்தை ஒட்டிய மூலையில் ஆரம்பம்: பின்னாளில் மரியாளின் தந்தையாகும் சுவக்கீனை, குழந்தையில்லாதவர் என்று கோயிலிலிருந்து வெளியேற்றுகிறார்கள். அப்படியே வாசல் பக்கமாகப் போய், வடக்குச் சுவரில் பீடத்தை நோக்கித் திரும்பி, மறுபடி ஒரு படி கீழே இறங்கித் தெற்குச் சுவர். மேல்வரிசை சுவக்கீன், அன்னாள், மரியாள். நடுவரிசை இயேசுவின் பிறப்பும் பணியும். கீழ்வரிசை பாடுகளும் உயிர்ப்பும்.

என் கணக்கில் நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்.

முதல் இரண்டு நிமிடம் நடுவில் நின்று எதையும் குறிப்பாகப் பார்க்காதீர்கள். கண் இருட்டுக்குப் பழகட்டும்.

அடுத்த மூன்று நிமிடம் தெற்குச் சுவர் உச்சி. கடைசிக் கட்டம், வாசல் பக்க மூலை: பொன்வாசலில் சுவக்கீனும் மனைவி அன்னாளும் சந்திப்பது. இரண்டு முகமும் ஒன்றாகி ஒரே முகம்போல் தெரியும். அதே சுவரின் நடுவரிசையில் மூன்று ஞானியர், மேலே வால்வெள்ளி. ஹாலி வால்வெள்ளி 1301-இல் வந்துபோயிருந்தது, சிற்றாலயத்தில் வேலை நடந்தது 1303 முதல் 1305 வரை. 1986-இல் அதே வால்வெள்ளியை நெருங்கிப் பார்க்கப் போன ஐரோப்பிய விண்கலத்துக்கு ஜொத்தோ என்று பெயர் வைத்தது இதனால்தான்.

நான்கு நிமிடம் கீழ்வரிசைக்கு. தெற்கில் யூதாசின் முத்தம்: மஞ்சள் போர்வை இயேசுவை விழுங்குகிறது, சுற்றிலும் ஈட்டிகளும் தீவட்டிகளும் வானத்தைக் கிழிக்கின்றன, நடுவில் இரண்டு முகங்கள் மட்டும் அசையாமல். அப்படியே திரும்பி வடக்குச் சுவரில், இறந்த இயேசுவைச் சுற்றிய புலம்பல். பாறையின் சரிவு நம் கண்ணை மேலிருந்து இழுத்துக்கொண்டுபோய்த் தாயின் முகத்தில் விடும். முன்னால் இரண்டு பெண்கள் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். முகம் தெரியாமலே துக்கத்தைத் தெரிய வைத்த இடம் இது.

மூன்று நிமிடம் மேற்குச் சுவரின் இறுதித் தீர்ப்பு. சிலுவையின் அடியில், இடப்பக்கம், மண்டியிட்டுக் கோயிலின் சிறு வடிவத்தை மாதாவுக்குக் கொடுப்பவர் என்ரிகோ ஸ்க்ரோவெஞ்ஞி, செலவு செய்தவர். இவர் அப்பா ரெஜினால்தோ பேர்பெற்ற வட்டிக்காரர். கவிஞர் தாந்தே தன் காவியத்தில் அவரை நரகத்தில், வட்டிக்காரர்களோடு உட்கார வைத்தார். அப்பாவின் பாவத்தைக் கழுவ மகன் கட்டியது என்று வழக்கமாகச் சொல்வார்கள். பணக்காரக் குடும்பத்தின் விளம்பரமும் அதில் சேர்த்திதான். மேல் மூலைகளில் இரண்டு தூதர்கள் வானத்தைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டுகிறார்கள், தவறவிடாதீர்கள்.

மிச்ச மூன்று நிமிடத்தில் கீழே, கண் மட்டத்தில், பலரும் பார்க்காமலே போகிற சாம்பல் நிற உருவங்கள். வலப்பக்கம் ஏழு நற்குணம், இடப்பக்கம் எதிரெதிரே ஏழு தீயகுணம். பொறாமையின் வாயிலிருந்து வரும் பாம்பு திரும்பி அவள் கண்ணையே கொத்துகிறது. முடிக்கும்போது பீட வளைவின் இருபுறமும் தெரிகிற சிறு அறைகளைப் பாருங்கள், விளக்கு தொங்கும். அறைகள் இல்லை, வெறும் சுவர்.

நீலம் ஏன் இடையிடையே உதிர்ந்து கறுப்பாக இருக்கிறது என்று கேட்பார்கள். மற்ற வண்ணங்களை ஈரச் சுண்ணாம்பில் பூசினார்கள். சுண்ணாம்பு காயும்போது வண்ணத்தைத் தனக்குள்ளேயே பூட்டிக்கொள்ளும். அசுரைட் நீலம் ஈரச் சுண்ணாம்போடு ஒத்துப்போகாது. எனவே காய்ந்த பிறகு பசை கலந்து மேலே பூசினார்கள். பசை செத்ததும் நீலம் விட்டுவிட்டது. மாதாவின் மேலாடையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

கையடக்கத் தொலைநோக்கி ஒன்று இருந்தால் உச்சி வரிசை கைக்கு எட்டும். படம் எடுக்கலாம், பிளாஷ் கூடாது. பதினைந்து நிமிடத்தையும் திரைக்குள்ளேயே கழிக்காமல் இருந்தால் சரி.

#7 கணக்குப்பிள்ளை

அட்டை விஷயம் யாரும் சொல்லவில்லை. 2021-இல் பதுவாவின் பதினான்காம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள், எட்டுக் கட்டடங்களாக, யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. அதன் பெயரிலேயே "ஊர்ப்ஸ் பிக்தா" அட்டை. 48 மணி நேரம், 72 மணி நேரம் என்று இரண்டு வகை. எட்டு இடத்துக்கும் ஒரு தடவை நுழைவு, டிராமும் பேருந்தும் சேர்த்து.

வாங்கும் முன் கணக்குப் போடுங்கள். எட்டில் இரண்டு, அதாவது அந்தோணியார் பசிலிக்காவும் எரெமித்தானி கோயிலும், எப்படியும் இலவசம். மிச்சம் ஆறு. ஸ்க்ரோவெஞ்ஞி, ரஜோனே மாளிகை, பேராலயத் திருமுழுக்கு மண்டபம் மூன்றும் பார்த்தாலே அட்டைக் காசு கிட்டத்தட்ட வந்துவிடும். நான்காவது பார்த்தால் லாபம். இரண்டு மட்டும் பார்ப்பவருக்கு நட்டம்.

அட்டை இருந்தாலும் ஸ்க்ரோவெஞ்ஞிக்கு நேரத்தைத் தனியே பதிவு செய்தே ஆக வேண்டும். "அட்டை இருக்கிறதே" என்று வாசலில் நின்று பிரயோசனமில்லை. தாவரவியல் தோட்டமும் பல்கலைக்கழகத்தின் போ மாளிகையும் இந்த எட்டில் சேராது.

#8 தெருவோரம்

சுவரோவியமே பார்த்துக்கொண்டிருந்தால் ஊரைப் பார்க்கிற நேரம் போய்விடும். பதுவா முதலில் ஒரு சந்தை ஊர், அதுவும் படிப்பு ஊர். பல்கலைக்கழகம் 1222-இல் தொடங்கியது. கலிலியோ 1592 முதல் 1610 வரை இங்கேதான் பாடம் நடத்தினார்.

காலை பத்துமணிக்குள் ரஜோனே மாளிகையின் அடிக்கு வாருங்கள். ஒரு பக்கம் எர்பே சதுக்கம், மறுபக்கம் ஃப்ருத்தா சதுக்கம், இரண்டிலும் காய்கறி, பழக் கடைகள். நடுவே மாளிகையின் அடித்தளத்தில் வளைவு வளைவாக இறைச்சிக் கடை, பாலாடைக்கட்டிக் கடை, மீன் கடை. கீழே வியாபாரம், மேலே நீதிமன்றம் என்பதுதான் கட்டடத்தின் நோக்கமே. கல்லில் செதுக்கிய பழைய அளவுகளைத் தேடிப் பாருங்கள்: துணிக்கு, செங்கல்லுக்கு, தானியத்துக்கு. ஏமாந்ததாகச் சந்தேகப்பட்டவர் அங்கேயே வைத்து அளந்துகொள்ளலாம். மதியம் ஒன்றரைக்கு மேல் கடைகளைச் சுருட்டிவிடுவார்கள், ஞாயிறு இல்லை.

மேலே மண்டபம் சுமார் 80 மீட்டர் நீளம், நடுவில் ஒரு தூண் கிடையாது. சுவரில் முந்நூறுக்கும் மேற்பட்ட கட்டங்களில் ராசி, கிரகம், மாதம், தொழில். முதலில் இருந்த ஜொத்தோவின் ஓவியங்கள் 1420 தீயில் போய்விட்டன, இப்போது இருப்பவை பிறகு தீட்டியவை. மூலையில் ஒரு கறுப்புக் கல் மேடை: கடனைக் கட்ட முடியாதவர் உள்ளாடையோடு அதில் மூன்று தடவை உட்கார்ந்து எழுந்து, சொத்தை விட்டுக்கொடுத்தேன் என்று சொல்லி ஊரைவிட்டுப் போக வேண்டும். சிறைக்குப் பதிலாக இந்தச் சலுகை வந்தது 1231-இல், அதற்கு மன்றாடியவர் அந்தோணியார். அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள்.

போ மாளிகைக்கு வழிகாட்டியோடுதான் விடுவார்கள், மொழியைப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். 1590-களில் கட்டிய உடற்கூறு அரங்கு: நீள்வட்டமாக ஆறு அடுக்கு. பார்வையாளர் அடுக்குகளில் ஏற முடியாது, பிணம் கிடத்திய இடத்திலிருந்து மேலே அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். மரம் பழையது, பாரம் தாங்காது. படிக்கட்டு அடியில் எலேனா கொர்னாரோ பிஸ்கோபியாவின் சிலை. 1678-இல் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், உலகிலேயே அப்பட்டம் பெற்ற முதல் பெண் என்று அறியப்படுகிறார்.

எரெமித்தானி கோயிலை நேரம் இருந்தால் மட்டும் பாருங்கள். உடைந்த சுவரில் ஒட்டுப்போட்ட ஓவியம் எல்லாருக்கும் பிடிக்காது.

#9 பழையசுவர்

கடைசி வரியை ஒப்புக்கொள்ள முடியாது, தெருவோரம். எரெமித்தானி கோயில் ஸ்க்ரோவெஞ்ஞியின் பக்கத்து வாசல், காசும் இல்லை. 1944 மார்ச் 11 அன்று விழுந்த குண்டில் மான்தேஞ்ஞா இளவயதில் தீட்டிய ஒவெத்தாரி சிற்றாலயம் பல்லாயிரம் துண்டாகச் சிதறியது. முன்பே சுவரிலிருந்து பெயர்த்து வேறிடத்தில் வைத்திருந்த ஓரிரண்டு காட்சிகள் மட்டும் முழுசாகத் தப்பின. மற்றவற்றை, பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களின் மேல், கணினி உதவியோடு துண்டு துண்டாகப் பொருத்தியிருக்கிறார்கள். அந்தக் குண்டு கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் ஜொத்தோவும் இல்லை. இதைப் பார்த்த கையோடு சிற்றாலயத்துக்குள் போகிறவர் அந்தச் சுவரைப் பார்க்கிற விதமே வேறு. ஒரே ஒரு எச்சரிக்கை: மதிய இடைவேளையில் கோயிலைப் பூட்டிவிடுவார்கள். இத்தாலியின் பல கோயில்களும் பன்னிரண்டரை, மூன்றரைக்கு நடுவே அப்படித்தான்.

ஒன்றை விட வேண்டும் என்றால் போ மாளிகையை விடச் சொல்வேன். அதற்குப் பதில் பேராலயத்தை ஒட்டிய திருமுழுக்கு மண்டபம். ஜுஸ்தோ தெ மெனாபுவோய் 1370-களில் தீட்டியது. குவிமாடம் முழுக்க வட்டம் வட்டமாகப் புனிதர் கூட்டம், நடுவில் கிறிஸ்து. இதுவும் நேரம் குறித்த நுழைவு, ஆனால் அன்றைக்கே கிடைப்பதுண்டு. உட்கார்ந்து பார்க்கலாம் என்பது அம்மாவுக்கு நல்லது.

#10 தெருவோரம்

சரி, எரெமித்தானி விஷயத்தில் இறங்கி வருகிறேன். போ மாளிகையை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

#11 இலைச்சோறு

சாப்பாடு. பதுவாவில் சைவம் கிடைக்கும், ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது.

பீகோலி என்பது இந்த வட்டாரத்தின் தடித்த நூடுல்ஸ். "பீகோலி இன் சால்சா" என்றால் வெங்காயக் குழம்பு மட்டும்போல் தோன்றும், உள்ளே நெத்திலி கரைந்திருக்கும். வாத்து இறைச்சிக் குழம்போடு வருவது இன்னொன்று. ரிசொத்தோ காளான் போட்டது என்றாலும் அரிசியை வேகவைப்பது பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில். "பிரோதோ வெஜெத்தாலே?" (காய்கறிச் சாறா?) என்று கேட்டு உறுதி செய்யுங்கள். பீன்ஸ் சூப்பில் பன்றித் தோல் போடும் வழக்கம் உண்டு. சாலட்டிலும் பீட்சாவிலும் "ஸ்ஃபிலாச்சி" என்று இருந்தால் அது குதிரை இறைச்சியின் நார். கிரானா பதானோ பாலாடைக்கட்டியில் கன்றுக்குட்டியின் இரைப்பை நொதி சேரும். கண்டிப்பாக இருப்பவர்கள் அதையும் தவிர்ப்பார்கள்.

கவலையில்லாமல் சாப்பிடக்கூடியவை: மார்கெரீத்தா பீட்சா, தக்காளி பாஸ்தா, பொலென்தாவோடு (மக்காச்சோள மாவுக் களி) காளான், வாட்டிய காய்கறி. சதுக்கத்துச் சந்தையில் ஜூன் மாதத்துச் செர்ரியும் பீச்சும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சமையலறை மதியம் பன்னிரண்டு முதல் இரண்டரை, மாலை ஏழுக்கு மேல். மாலை நான்கு மணிக்குச் சோறு தேடினால் ரொட்டித் துண்டுதான். ரசீதில் "கொபேர்த்தோ" என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ வரும். அது இருக்கைக் கட்டணம், ஏமாற்று இல்லை. காபியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு.

1831-இல் திறந்த பெத்ரோக்கி காபிக்கடையில் பச்சை அறையில் எதுவும் வாங்காமல் உட்காரலாம் என்பது பழைய மரபு. வெள்ளை அறைச் சுவரில் 1848 மாணவர் கிளர்ச்சியின் குண்டு துளைத்த அடையாளம். அவர்களுடைய காபி எஸ்பிரெஸோ மேல் புதினா கலந்த பாலேடு, கலக்காமல் குடிக்க வேண்டும்.

#12 ஏடுதேடி

இழைக்குக் கொஞ்சம் வெளியே, ஆனால் மிலான் போகிற வழி என்பதால். அதே தடத்தில் தெசென்சானோ நிலையத்தில் இறங்கித் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே. வீரமாமுனிவர் 1680-இல் பிறந்த ஊர். ஞானப்பிரகாசியார் எனும் அலோசியஸ் கொன்சாகா 1568-இல் பிறந்ததும் அங்கேதான், அவர் பெயரில் பசிலிக்கா இருக்கிறது. அரை நாள் கூடுதலாக இருந்தால் மட்டும். அதிவேக வண்டிகள் எல்லாம் தெசென்சானோவில் நிற்காது.

#13 நெல்லைத்தென்றல்

ஏடுதேடி, அது தெரியாது, அடுத்த முறைக்கு வைத்துக்கொள்கிறேன். எல்லாரும் சொன்னதை வைத்துத் திட்டம்:

திங்கள் காலை 9:30 வந்து சேர்ந்து பெட்டியை விடுதியில் விடுகிறோம். 11 மணிக்கு சிற்றாலயம், அருங்காட்சியகம், பிறகு ரஜோனே மண்டபம். மாலை பிராத்தோ சதுக்கம். செவ்வாய் முழுக் காலையும் பசிலிக்கா. மதியம் 3 மணிக்கு மிலான் வண்டி. சரியா?

#14 கணக்குப்பிள்ளை

திங்கள் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே! திங்கட்கிழமை எரெமித்தானி அருங்காட்சியகமும் ரஜோனே மண்டபமும் மூடியிருக்கும். சிற்றாலயம் மட்டும் திறந்திருக்கும். ஜொத்தோவின் மரச்சிலுவை ஓவியம் அந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் சிற்றாலயத்துக்குள் தொங்கியது அது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் பாதிதான்.

நாள்களைத் திருப்பிப் போடுங்கள். திங்கள்: நேரே டிராமில் சாந்தோ, பசிலிக்கா. பக்கத்திலேயே அல்திக்கியெரோ தீட்டிய சான் ஜோர்ஜோ சிற்றாலயம். மதியச் சாப்பாடு. வெயில் தணிந்ததும் பிராத்தோ: நீள்வட்டக் கால்வாய், கரையில் 78 சிலை, அம்மாவுக்கு மர நிழலில் இருக்கை. 1545-இல் தொடங்கிய தாவரவியல் தோட்டம் நடுவழியில்தான் இருக்கிறது, திங்களில் திறப்பு பருவத்துக்குப் பருவம் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்: 9 மணிக்கு எரெமித்தானி கோயில், 10 மணிக்குச் சிற்றாலயம், அருங்காட்சியகம், 12-க்குள் சந்தை, பிறகு ரஜோனே மண்டபம். 3 மணி வண்டிக்கு நெருக்கடி, 4-க்கு மேல் வாங்குங்கள்.

#15 வேலணைக்காரி

அம்மா செவ்வாய் பூசை கேட்க ஆசைப்படுவா. வெள்ளெனப் பூசை ஒண்டுக்குப் போட்டு, சாந்தோ நிறுத்தத்திலை டிராம் ஏறினால் எரெமித்தானி மூண்டாவது நிறுத்தம். ஒன்பதுக்கு முதல் அங்கை நிக்கலாம். தங்குமிடத்தை நிலையத்தடியிலை எடுக்காமல் சாந்தோவுக்குக் கிட்ட எடுங்கோ. கடைசி நாள் பெட்டியை எடுக்கத் திரும்பி வரேக்கை அதே டிராம் நேரே நிலையத்துக்குக் கொண்டுபோய் விடும்.

#16 ரயில்பித்தன்

பதிவுக்கு முன் வேலைநிறுத்த நாள்காட்டியை ஒரு தடவை பாருங்கள். "ஷோப்பெரோ" என்று அறிவித்தால் வார நாள்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை குறிப்பிட்ட வட்டார வண்டிகள் கட்டாயம் ஓடும். இடைப்பட்ட நேரத்துக்கு உறுதி இல்லை. அன்று வெனிஸில் 9 மணிக்குக் கிளம்பலாம் என்று இருக்காதீர்கள், 8:30-க்குள் வண்டியில் இருங்கள். மிலான் அதிவேக வண்டிகளில் எவை ஓடும் என்று தனிப் பட்டியல் வெளியிடுவார்கள், உங்கள் வண்டி எண்ணை அதில் சரிபாருங்கள்.